கல்முனை வகை

என் கணவரின் வலது மணிக்கட்டில் இருபத்து நான்கு வருடமாக ஒரு மணிக்கூடு இருக்கிறது. அதைப் பற்றி நான் உலகத்துக்கு ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். பொய் என்று தெரியாமல் சொன்னதுதான். ஆனாலும் படம் பிடித்து, அட்டவணை போட்டு, சிவப்பு அம்புக்குறி கீறிச் சொன்ன பொய். மலேசியாவில் ஒரு மனிதர் அதை நம்பி நான்கு வருடமாகப் பழைய சாமான் சந்தைகளில் அலைந்திருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்கக் குரல் பதிவு செய்யத் தொடங்கினால் பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. இதுவரை ஐந்து பதிவுகளை அழித்துவிட்டேன்.

நான் இலங்கையில் கல்முனைக்கு அடுத்த சாய்ந்தமருதுக்காரி. கணக்கு டீச்சர். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். பிழை என்றால் பிழைதான், அதில் அரைப் பிழை கால் பிழை எனக்குக் கிடையாது. இப்படிப்பட்ட ஒருத்திக்குப் பழைய குரோனோகிராப் மணிக்கூட்டுப் பைத்தியம் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஊருக்குத்தான் கஷ்டம்.

குரோனோகிராப் என்றால் ஓட்டப் பந்தயத்துக்கு நேரம் பிடிக்கும் மணிக்கூடு. பக்கத்தில் இரண்டு பொத்தான் இருக்கும். மேல் பொத்தானை அமுக்கினால் நடுவிலுள்ள நீள முள் ஓடத் தொடங்கும், மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அமுக்கினால் அந்த முள் எங்கே நின்றாலும் ஒரே பாய்ச்சலில் பன்னிரண்டுக்கு வந்துவிடும். கொரோனாவுக்காக ஊரை அடைத்து வைத்திருந்த நாட்களில், செய்ய ஒன்றுமில்லாமல், கணவரின் மணிக்கூட்டை வாங்கி அந்தக் கீழ்ப் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். ஒரு முறைகூட முள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பிசகவில்லை. அதோடு என் கதை முடிந்தது. அந்தக் கிழமையே கைபேசியில் இப்படிப்பட்ட மணிக்கூடு சேர்ப்பவர்களின் குழுவொன்றில் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் அந்தக் குழுவில் தீர்ப்புச் சொல்பவள் நானாகிவிட்டேன். யாரும் என்னை நியமிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கொரு அலுமாரி, அலுமாரிக்கொரு குவைத் மணிக்கூடு. அல்லது சவூதி மணிக்கூடு. வாப்பாவோ மாமாவோ வெளிநாட்டில் உழைத்து முதல் சம்பளத்தில் வாங்கியது. அதைத் துடைத்துப் படம் எடுத்து அனுப்பி, ‘டீச்சர், இது ஒரிஜினலா?’ என்று கேட்பார்கள். கேட்பவர்கள் எல்லோரும் ‘ஓம்’ என்ற பதிலைத்தான் எதிர்பார்ப்பார்கள். நான் பெரும்பாலும் அதைக் கொடுப்பதில்லை.

பார்க்கத் தெரிந்தால் ஒரு மணிக்கூடு எதையும் மறைக்காது. பின்மூடியிலுள்ள இலக்கத்தின் முதல் எண் வருடம், அடுத்தது மாதம். டயலின் அடிவிளிம்பில் எறும்பு அளவில் ஒரு குறியீடு இருக்கும். அது எந்த வகைப் பெட்டிக்குள், அதாவது மணிக்கூட்டின் உலோகக் கூட்டுக்குள், அந்த டயல் பிறந்தது என்று சொல்லும். அசல் எழுத்து கூர்மையாக நிற்கும், பிறகு அச்சடித்த போலி டயலில் எழுத்து ஊறிப்போய் இருக்கும். முள்ளின் நிறம் ஒரு பக்கம் வெயிலில் வெளுத்து டயல் வெளுக்காமல் இருந்தால் இரண்டும் ஒரே வெயிலைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது தண்ணீரைப் பற்றிய சொல். ஆரம்பத்தில் வந்தவற்றில், இவற்றைச் செய்த ஜப்பான்காரன் ‘புரூஃப்’ என்று அச்சடித்தான், அதாவது தண்ணீர் உள்ளே போகவே போகாது. கொஞ்சக் காலத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘ரெசிஸ்ட்’ என்று போட்டான், அதாவது முடிந்தவரை தாங்கும். ஆகவே முந்திய பெட்டியில் புரூஃப், பிந்திய பெட்டியில் ரெசிஸ்ட். மாறி இருந்தால் டயல் மாறியிருக்கிறது. இதை நான் நூறு பேருக்கு விளக்கியிருப்பேன்.

வெளிநாட்டுக்காரர்களுக்குத் தெரியாத சில விஷயங்களும் எனக்குத் தெரியும். எங்கள் ஆண்களில் பலர் வலது கையில்தான் மணிக்கூடு கட்டுவார்கள். நல்லதெல்லாம் வலதில் என்பது பழக்கம். வலது கையில் கட்டினால் பொத்தான்கள் முழங்கைப் பக்கம் திரும்பிவிடும், ஒன்பது மணிப் பக்க விளிம்புதான் கதவிலும் மேசையிலும் அடிபடும். அந்தத் தேய்மானத்தைப் பார்த்தே ‘இது நம்மட ஆள்’ என்று சொல்லிவிடுவேன். அரபு நாட்டுக்கென்று வந்தவற்றில் கிழமைத் தட்டு அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், ஞாயிறுக்குப் பதிலாக வெள்ளி சிவப்பில் இருக்கும். ஊரில் சிலர் சிங்கப்பூரில் வாங்கிய மணிக்கூட்டுக்கும் அந்தத் தட்டைத் தேடிப் போடுவித்தார்கள், ஜும்ஆ நாள் கறுப்பில் கிடப்பது மனசுக்குப் பிடிக்காமல். அவற்றையும் நான் பிடித்துவிடுவேன்.

ஒருமுறை மருதமுனையிலிருந்து ஒருவர் தன் மாமாவின் நினைவாக வைத்திருந்ததை அனுப்பினார். ‘மூன்று மணிக்கூடுகள் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடும்பம்’ என்று பதில் போட்டேன். அவர் குழுவை விட்டே போய்விட்டார்.

“கொஞ்சம் மெல்லமாச் சொல்லப்படாதா புள்ள?” என்று கணவர் கேட்டார்.

“மெல்லமாச் சொன்னா டயல் மாறிருமா?” என்றேன்.

அவர் தன் வலது கையை மெல்ல, கட்டியிருந்த சாரத்து மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். அதை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை.

அந்த மணிக்கூடு என் வாப்பாவினது. அவர் குவைத்தில் தண்ணீர் லொறி ஓட்டியவர். கடைக் கண்ணாடிக்குள் வருடக்கணக்காகக் கிடந்த பழைய சரக்கை விலை குறைத்து வாங்கியதாகச் சொல்வார். பொன்மஞ்சள் டயல், சிவப்பு நீள முள், ஆறு மணிப் பக்கம் முப்பது நிமிடம் எண்ணும் சின்ன வட்டம், அரபிக் கிழமைத் தட்டில் சிவப்பு வெள்ளி. எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். நிந்தவூரிலிருந்து வந்த என் மாப்பிள்ளைக்கு, காவின் என்ற கல்யாணப் பதிவு எழுதி முடிந்த கையோடு வாப்பா தன் கையிலிருந்ததைக் கழற்றிக் கட்டிவிட்டார். “இதுக்குள்ள ஒருத்தன்ட கையும் படல்ல மருமகன்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு அந்த வசனம் மனப்பாடம். பிறகும் பல தடவை, அந்த மணிக்கூட்டைப் பற்றிப் பேச்சு வரும் போதெல்லாம், அதே வசனத்தை அதே நிதானத்தில் சொல்லுவார்.

இனி என் பொய்க்கு வருகிறேன். இந்த மணிக்கூட்டின் பின்மூடி முந்திய காலத்தது. அதன் டயலில் ‘ரெசிஸ்ட்’ என்று இருந்தது. வேறு யாருடையதாவது இருந்தால் ‘டயல் மாற்றியது’ என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். ஆனால் இதற்குள் ஒருத்தன் கையும் படவில்லையே. எழுத்து அசல், குறியீடு அசல், பின்மூடியில் கருவி பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை. ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: அரபு நாட்டுக்கென்று அனுப்பிய ஒரு சிறு தொகுதிக்கு மட்டும் ஜப்பான்காரன் முந்திய பெட்டியில் பிந்திய டயலைப் போட்டிருக்கிறான். இதுவரை யாரும் பதியாத புது வகை. பெயரும் நானே வைத்தேன். கல்முனை வகை.

வாப்பா அப்போது உயிரோடு இருந்தார். அவரைச் சாய்கதிரையில் இருத்தி, கொப்பியும் பேனையுமாக விசாரித்தேன். எங்கே வாங்கியது, எத்தனை வருடம் கட்டியது, எப்போதாவது திறந்ததா. “இதுக்குள்ள ஒருத்தன்ட கையும் படல்ல மகள்” என்றார். நான் எழுதிக்கொண்டேன். அட்டவணையில் ஒரு புது வரி சேர்த்துக் குழுவில் போட்டபோது பாராட்டு மழை. மலேசியாக்காரர் தானும் ஒன்றைக் கண்டுபிடித்தே தீருவேன் என்றார். வாப்பாவிடம் கைபேசியைக் காட்டினேன்.

“அப்ப எங்கட மணிக்கூடு உலகத்தில ஒண்டுதானா?” என்று கேட்டார்.

“இப்போதைக்கு ஒண்டுதான் வாப்பா.”

அவர் கொஞ்ச நேரம் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து கிணற்றடிப் பக்கம் போனார். பெருமையில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். அடுத்த வருடம் அவர் மௌத்தாகிவிட்டார்.

அக்கரைப்பற்றில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். நேரில் கண்டதில்லை. மரியாதையான மனிதர். அவரிடம் எனக்குப் பிடிக்காதது அந்த மரியாதைதான். போன மாசி மாதம் அவர் ஒரு குரல் பதிவு போட்டார்.

“டீச்சர், ஒண்டு கேக்கட்டா, கோவிக்கப்படாது. இந்தக் கல்முனை வகையில இதுவரைக்கும் எத்தின மணிக்கூடு பாத்திரிக்கம்?”

“ஒன்று” என்று எழுதினேன்.

“ஒண்ட வெச்சி வகை எண்டு சொல்லலாமா டீச்சர்? நீங்கதானே கணக்குப் படிப்பிக்கிற.”

குழுவிலுள்ள இருநூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பது எனக்குத் தெரிந்தது. நான் பதில் எழுதும்போது அவருடைய அடுத்த பதிவு வந்தது.

“பின்மூடியத் தொறந்து உள்பக்கத்த ஒரு படம் போட்டீங்கண்டா எல்லாருக்கும் ஆறுதல். அவ்வளவுதான். குறை நினைக்கப்படாது.”

உள்பக்கத்தை அவர் கேட்டதில் விஷயம் இருந்தது. எங்கள் பகுதியில் மணிக்கூடு திருத்துபவர்கள் வேலை முடிந்ததும் பின்மூடியின் உள்ளே ஊசியால் திகதியைக் கீறி வைப்பார்கள். திரும்பி வந்தால் தன் வேலையா மற்றவன் வேலையா என்று தெரிந்துகொள்ள. உள்ளே வெறுமையாக இருந்தால் நான் வென்றேன். ஒரு கீறல் இருந்தால் என் அட்டவணையில் ஒரு வரி அழியும். வரி அழிந்தால் அழியட்டும், அது எனக்குப் பெரிதில்லை. ஆனால் எத்தனை பேர் முன்னால், எத்தனை தடவை, வாப்பா அந்த வசனத்தைச் சொல்லியிருக்கிறார். கணக்கில் பிழை விட்டதற்கு எனக்கு அடித்தவர் இல்லை அவர். பொய் சொன்னால்தான் அடித்தார். அவர் பொய்க்காரர் ஆகிவிடக் கூடாது. எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது, இரண்டு நாள் மருந்துக்கடைக்காரரைத் திட்டியே கழித்தேன், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏனென்று சொல்லாமல் மூன்று பரீட்சை வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் கணவர் வயலுக்குப் போனார். சேற்றில் இறங்கும் நாளில் மட்டும் மணிக்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போவார். இத்தனை வருடத்தில் நான் திறக்கிறேன் என்று கேட்ட ஒவ்வொரு முறையும், “ஓடிட்டுத்தானே இரிக்கி, என்னத்துக்குத் தொறக்கோணும்” என்று தட்டிக்கழித்தவர். நான் பிஸ்மி சொல்லி, ஒட்டும் ரப்பர் பந்தைப் பின்மூடியில் வைத்து அமுக்கித் திருகினேன். ஐம்பது வருடம் திறக்காத மூடி இலேசில் அசையாது, கை நோகும். இது ஒரே திருகில் கழன்று என் கையில் விழுந்தது.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கீறல் இருந்தது. ஒரு திகதி. அதற்குப் பக்கத்தில், பொடி எழுத்தில், தமிழில் ஒரே ஒரு சொல்: தண்ணி.

திகதியை மூன்று தடவை வாசித்தேன். எங்கள் கல்யாணம் முடிந்து மூன்று மாதமும் சொச்ச நாளும். நான் கதிரையிலிருந்து எழும்பி நின்றேன். கல்யாணத்தன்று வாப்பா சொன்னது சத்தியம். அன்று வரைக்கும் ஒருத்தன் கையும் படவில்லை. பட்டது அதற்குப் பிறகு. வாப்பாவின் வாக்கு சுத்தமாக வெளியே வந்துவிட்டது, எனக்கு ஆடவேண்டும் போல இருந்தது, உண்மையாகவே அடுப்படிக்கும் ஹோலுக்கும் இடையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். குற்றவாளி யாரென்றும் தெரிந்துவிட்டது. அவர் பகல் சாப்பாட்டுக்கு வருவார்.

அவர் வந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்தார். சோறும் சூரை மீன் ஆணமும் வைத்தேன். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் பின்மூடியையும் வைத்தேன், உள்பக்கம் மேலே தெரிய. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிசைந்த சோறு கையிலேயே நின்றது.

“மருந்துக்கடைக்காரன் கண்டுபிடிச்சிட்டானா?” என்றார்.

“நான் கண்டுபிடிச்ச. இருபத்து நாலு வருசம். சொல்லுங்க.”

அவர் சொன்னதை அவருடைய வேகத்தில் எழுதினால் மூன்று பக்கம் போகும். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு ஊரே திரண்டிருந்தது. எங்கள் பள்ளிவாசலில் அப்போது ஹவுழ் இருந்தது, தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒழுச் செய்யும், மீன் விட்டிருந்த பெரிய நீர்த்தொட்டி, சுனாமிக்குப் பிறகுதான் அதை மூடிக் குழாய் வைத்தார்கள். புது மாப்பிள்ளை ஒழுச் செய்வதற்காக மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். முகம் கழுவக் குனிந்தார். மணிக்கூடு பைக்குள்ளிருந்து வழுக்கி நேரே ஹவுழுக்குள் போனது. போகும் வழியில் அதன் மேல் பொத்தான் கல் விளிம்பில் பட்டிருக்க வேண்டும்.

“தண்ணிக்கடியில கெடந்து செவப்பு முள்ளு ஓடிட்டிருந்திச்சி புள்ள. மீனெல்லாம் சுத்தி நிண்டு பாத்த.”

கையை விட்டு எடுக்க ஆழம். அதற்குள் குத்பா தொடங்கிவிட்டது. குத்பா நேரம் வாய் திறக்கக் கூடாது, பக்கத்திலிருப்பவனைச் சும்மா இரு என்றுகூடச் சொல்லக் கூடாது. ஆகவே மனிதர் ஒழுவை முடித்து, ஈரக் கையோடு ஸஃபில், தொழுகை வரிசையில், போய் உட்கார்ந்தார். மாமனார் கல்யாணத்தில் கட்டிய மணிக்கூடு இருபது முழத்துக்கு அப்பால் தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது, இவர் வாயை மூடிக்கொண்டு பிரசங்கம் கேட்கிறார். பொறுமையைப் பற்றிய பிரசங்கம் என்று சத்தியம் செய்கிறார், அதை மட்டும் நான் நம்பவில்லை. ஹவுழடியில் நின்று பார்த்த நாற்பது பேரும் அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். தொழுது ஸலாம் கொடுத்த மறுகணம் எல்லோரும் ஒரே பாய்ச்சலாக ஹவுழுக்கு ஓடினார்கள். மீன்பிடிக்காரர் ஒருவர் வீட்டுக்கு ஓடிப்போய் இறால் அள்ளும் அத்தாங்கு வலையைக் கொண்டுவந்தார். முதல் அள்ளலில் மூன்று மீன். இரண்டாவதில் மணிக்கூடு.

“நிண்டு போயிருந்திச்சி. சின்ன வட்டத்தில பதினெட்டு நிமிசம் காட்டின. அவ்வளவு நேரம் தாங்கிரிக்கி.”

எனக்கு வாயின் ஓரம் துடிக்கத் தொடங்கியது. அடக்கிக்கொண்டேன். “வாப்பாக்குத் தெரியாமத் திருத்தினயளா?” என்று கேட்டேன். இதுதான் எனக்கு வேண்டிய பதில். வாப்பாவை இதற்குள்ளிருந்து முழுசாக வெளியே எடுக்க வேண்டும்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அத்தாங்கப் புடிச்சி அள்ளினதே மாமாதான்.”

மீதியையும் அவரே சொன்னார். வாப்பா மணிக்கூட்டைத் தொப்பிக்குள் வைத்துச் சுற்றி, கல்முனைச் சந்திப் பக்கம் பெட்டிக்கடை வைத்திருந்த திருத்துபவரிடம் தானே கொண்டுபோயிருக்கிறார். உள்ளே இயந்திரம் தப்பிவிட்டது. டயல் பூச்சு பொரிந்து அப்பளமாகிவிட்டது. வாப்பாவின் குவைத் கூட்டாளி ஒருவர் மருதமுனையில் தறி வைத்திருந்தார், அவருடைய மணிக்கூடு தறிக்குள் அகப்பட்டு நொறுங்கிக் கிடந்தது, டயல் மட்டும் முழுசு. அதை வாங்கிப் போட்டார்கள். கூட்டாளி வாங்கியது பிந்திய வருடத்தில். அதுதான் என் ‘ரெசிஸ்ட்’. அதுதான் உலகத்தில் ஒன்றேயான கல்முனை வகை.

திருத்தி வர பதினொரு நாள் ஆனதாம். அந்தப் பதினொரு நாளும் இவர் நீளக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. நான் இவரிடம் நேரம் கேட்டுவிடாமல் இருக்க, வாப்பா மணிக்கொரு தரம் எங்கள் அறை வாசலுக்கு வந்து, “மருமகன், நாலே கால்”, “மருமகன், அஞ்சு அடிச்சிட்டு” என்று அறிவித்துவிட்டுப் போவார். எனக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. வயதாகிறது, வாப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நான் அப்போது கவலைப்பட்டு உம்மாவிடம் போய் அழுதிருக்கிறேன்.

உம்மாவிடம் போனேன். பின்வளவில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தா.

“உம்மா, மணிக்கூட்டுக்கு டயல் மாத்தின கத உங்களுக்குத் தெரியுமா?”

“ஹவுழுக்குள்ள விழுந்ததச் சொல்றியா?” என்றா உம்மா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அது ஊருக்கே தெரியுமே மகள்.”

“எனக்குத் தெரியாதே.”

“உனக்குச் சொல்லப்படாதெண்டு ஊருக்குச் சொல்லித்தான வெச்ச. நீ அந்தக் கிழமதான் புதுக்கதவுக் கீலுக்கு ஒரு ஆணி வேற நெறமெண்டு தச்சாசாரிய ரெண்டு தரம் திரும்ப வரவெச்ச. மாப்பிள வந்து மூணு மாசம். பயந்து போனாரு மனிசன்.”

சந்தையில் எனக்கு மீன் வெட்டித் தருபவர், பாடசாலை வாசலில் நிற்கும் முச்சக்கர வண்டிக்காரர், இரண்டு வீடு தள்ளி இருக்கும் மச்சி, எல்லோருக்கும் தெரியும். இருபத்து நான்கு வருடமாக, எத்தனை சண்டை பிடித்திருப்பேன் இவர்களோடு, ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. ஊரிலிருந்த அத்தனை மணிக்கூட்டையும் நான் பிழை பிடித்துக்கொண்டிருந்தபோது ஊர் என்னைப் பார்த்துச் சும்மா இருந்திருக்கிறது.

நான் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது. முதலில் அந்த மீன்களை நினைத்து. பிறகு வாயை மூடிக்கொண்டு குத்பா கேட்ட நாற்பது பேரை நினைத்து. பிறகு மலேசியாக்காரரை நினைத்து. நிறுத்த முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்து விலா நோகத் தொடங்கியது. உம்மா கீரைச் சுளகை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

“இந்த இடத்திலதான் அவரும் நிண்டு சிரிச்ச. நீ அந்தப் போன்ல எழுதிக் காட்டின அண்டைக்கி. உலகத்தில ஒண்டாம் எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்ச. மகள்ட்டச் சொல்லுங்களன் எண்டன். வேணாம், பாவம், சந்தோசமா இரிக்கா எண்டாரு.”

பின்னேரம் கணவர் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மணிக்கூட்டை மூடி அவர் கையில் கொடுத்தேன். அவர் கட்டவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருப்பது போல நின்றார்.

“திருத்தி வந்த நாள் மாமாதான் திரும்பக் கட்டிவிட்ட” என்றார். “பள்ளிவாசல் படியில வெச்சி. அப்ப ஒண்டு சொன்ன. என்ட மகள் தங்கம் மருமகன், ஆனா பிழை பொறுக்க மாட்டா. நீங்களும் நானும் சேர்ந்துதான் சமாளிக்கோணும் எண்டாரு.”

குழுவைத் திறந்தேன். அட்டவணையில் கல்முனை வகை வரியை அழித்தேன். பின்மூடியின் படத்தைப் போட்டு, ஹவுழிலிருந்து பதினெட்டு நிமிடம் வரை ஒன்றும் விடாமல் எழுதினேன். டயல் மாற்றப்பட்டது, மாற்றியவர் என் வாப்பா என்று முடித்தேன். சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன. மருந்துக்கடைக்காரர் மட்டும் குரலில் வந்தார்.

“டீச்சர், கோவிக்கப்படாது. அப்ப ஒருத்தன்ட கையும் படல்லண்டு உங்கட வாப்பா சொன்ன?”

“பொய்” என்று எழுதினேன். எழுத எனக்கு ஒரு தயக்கமும் வரவில்லை.

கணவர் பின்னாலிருந்து அதை வாசித்தார். “மாமாவோட கோவமா?” என்று கேட்டார்.

“சரியான கோவம்” என்றேன். வாப்பாவைப் பிடித்துக் கிணற்றடியில் நிறுத்தி, ஏன் எனக்குச் சொல்லவில்லை, நான் சிரித்திருக்க மாட்டேன் என்றா நினைத்தீர்கள் என்று கேட்டு, அவர் பதில் இல்லாமல் முழிப்பதைப் பார்க்க வேண்டும். மூன்று வருடம் பிந்திவிட்டேன். கணவரின் கையை இழுத்து மணிக்கூட்டைக் கட்டிவிட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன், வாப்பா அத்தாங்கைப் பிடித்த விதத்தை நடித்துக் காட்டி.